'கேஷ்' நம் காசுதானா?

ஆங்கிலேயரின் 'கேஷ்' நம் காசிலிருந்து பிறந்தது என்னும் முழக்கம் சங்க மேடைகளில் அடிக்கடி எழுகின்றது. கைதட்டலும் தவறாது கிடைக்கின்றது. கைதட்டியவர்களுள் அடியேனும் ஒருவன். ஆயினும் அம்முழக்கம் பிழையே.

இலத்தீனில் 'காப்சா' என்றால் பெட்டி. அது இத்தாலியத்திலும் பிரெஞ்சிலும் திரிந்து, பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் பணப்பெட்டியையும், அதன்வழிப் பணத்தையும் குறிக்கும் சொல்லாய் ஆங்கிலம் புகுந்தது. டல்ஹௌசி சதுக்கத்து அலுவலகங்களில் நம் தந்தையர் எழுதிய 'கேஷ்' கணக்கு, பெட்டி வழி வந்த பெயர்.

ஒலி ஒத்திருக்கிறதே என்பர் சிலர். வங்காளியின் 'கால்' நேற்றையும் நாளையையும் குறிக்கும். அதனால் நேற்று நம் காலிலிருந்து பிறந்தது என்போமா? வடமொழி, கிரேக்கம், இலத்தீன் ஆகியவற்றின் உறவை இதே நகரில் 1786இல் எடுத்துரைத்த வில்லியம் ஜோன்ஸ், வினைவேர்களையும் இலக்கண வடிவங்களையும் அல்லவா சான்று காட்டினார்!

மெய்யாகவே தமிழிலிருந்து சென்ற 'கேஷ்' ஒன்று ஆங்கிலத்தில் தனியே உண்டு. அதை நாம் பேசுவதேயில்லை. போர்ச்சுக்கீசியர் நம் காசைத் தம் நாவில் 'கைஷா' ஆக்கினர். அவர் மொழியிலும் கைஷா என்றால் பெட்டியே என்பது வேடிக்கை. அவர் வழியாக ஆங்கிலேயரை அடைந்த அச்சொல், கீழ்த்திசைச் சிறு நாணயங்கள் பலவற்றுக்கும் பெயராயிற்று. 1818இல் ரூபாய்க் கணக்கு வரும்வரை, சென்னைக் கும்பினியாரிடம் 80 காசு ஒரு பணம். 42 பணம் ஒரு வராகன். நடுவே சதுரத் துளையிட்ட சீன நாணயத்தை ஆங்கில நூல்கள் இன்றளவும் 'கேஷ்' என்றே குறிக்கின்றன. சீனர் தம் நாணயத்தை அவ்வாறு அழைத்ததில்லை; நம் சொல் கடல் கடந்து போய் அதன்மேல் ஏறி அமர்ந்தது. யூலும் பர்னலும் 1886இல் வெளியிட்ட 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதியில் இச்சொல்லின் வரலாற்றைக் காணலாம். தேசிய நூலகம் அமைந்த ஊரில் வாழும் நாம் அகராதியைப் புரட்டாமல் மேடையேறுவானேன்?

இழப்பு நம் மக்களுக்கே. மேடையில் கேட்டதை வகுப்பில் சொல்லி, அகராதியால் மறுக்கப்பட்டு, தலைகுனிந்து வீடு திரும்பினாள் என் பேத்தி. "அப்படியானால் சுருட்டும் கட்டுமரமும் பொய்தானா தாத்தா?" என்றாள். வங்காளத் தோழியர் சொல்லும் 'சுருட்' நம் சுருட்டே என்பதை அவளை நம்பவைக்க, அதே அகராதியை நான் எடுத்துக் காட்ட வேண்டியதாயிற்று.