பாடம் மனத்தில் நில்லாத பிள்ளை

2010ஆம் ஆண்டு, வன்னியில் மீள்குடியேற்றம் நடந்துகொண்டிருந்த காலம். கிளிநொச்சிப் பகுதிப் பாடசாலையொன்றில் நாம் கணிதம் கற்பித்து வந்தோம். கூரைக்குத் தறப்பாள், இருப்பதற்கு வாங்குகள் போதா. ஆறாம் வகுப்பில் ஒரு மாணாக்கன் ஏழாம் வாய்பாட்டை இன்று ஒப்புவிப்பான். மறுநாள் ஒரு வரியும் நினைவிராது. புத்தகப் பையைத் தோளினின்றும் இறக்கவே மாட்டான். சோம்பல் என்று கருதிப் பலமுறை அவனை எழுப்பி நிறுத்தினோம். இதனை எழுதும்போதும் எமக்கு நாணமாகவே இருக்கின்றது.

ஒருநாள் வேறொரு பேச்சினிடையே, "இடம்பெயர்ந்து எவ்வழியாகப் போனீர்கள்?" என்று வகுப்பை வினவினோம். அவன் எழுந்தான். பரந்தன், தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, சுதந்திரபுரம், தேவிபுரம், இரணைப்பாலை, மாத்தளன், முள்ளிவாய்க்கால் என்று, ஒவ்வோரிடத்திலும் தங்கிய நாட்கணக்கோடு பிழையறச் சொன்னான். ஈற்றில் செட்டிகுளத்து மெனிக் பாம் முகாம். இத்தனையும் குடியிருந்த நெஞ்சில் ஏழாம் வாய்பாட்டுக்கு இடம் எங்கே?

பின்னரே ஓர் ஆய்வைப் பற்றி அறிந்தோம். ஜெர்மன் உளவியலாளர் தோமஸ் எல்பெர்ட் முதலியோர் இறுதிப் போருக்கு முன்னர் வடகிழக்கில் 420 பாடசாலைப் பிள்ளைகளிடம் நடத்தி, 2009இல் வெளியிட்டது அது. பயிற்சிபெற்ற உள்ளூர் ஆசிரியர்களே பிள்ளைகளை வினவினர். நூற்றுக்கு 92 பேர் குண்டுவீச்சு, எறிகணை, உற்றார் சாவு போன்ற கொடுமைகளை அனுபவித்திருந்தனர். 25 பேருக்கு மனவடு நோயின் குறிகள் இருந்தன. பட்ட துன்பம் மிகுந்தோறும் நினைவாற்றல் குன்றக் கண்டனர்.

ஆயினும், இப்பிள்ளைகளுக்குப் படிப்பு ஏறாது, ஏதேனும் கைத்தொழில் பழகினாற் போதும் என்போரோடு நாம் உடன்படோம். ஆயுதம் ஏந்த வைக்கப்பட்டிருந்த சிறுவர் 594 பேர் புனர்வாழ்வு பெற்று, 2010 மே மாதத்துக்குள் குடும்பங்களிடம் சேர்ந்தனர். அவருட் பலரை இரத்மலானை இந்துக் கல்லூரியில் மீண்டும் படிக்க வைத்தமை நற்செயல்.

பெற்றோருக்கு ஒன்று சொல்வோம். இரவில் அலறி விழிக்கும் பிள்ளைக்குக் கோயிலில் நூல் கட்டுகின்றீர்களா? கட்டுங்கள். மாவட்ட வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கும் அழைத்துச் செல்லுங்கள். நடந்ததைச் சொல் என்று வற்புறுத்தாதீர்கள். அவனாகச் சொல்லும்போது வேலையை விட்டுவிட்டு அருகில் இருங்கள்.

ஆசிரியர் செய்யத்தக்கது இன்னும் எளிது. மணியடித்தல், இடாப்புக் கூப்பிடுதல், பந்தடித்தல் எல்லாம் நாள்தோறும் குறித்த நேரத்தில் நடக்கட்டும். எந்நேரம் எழுந்து ஓடுவோமோ என்றிருந்த பிள்ளைக்கு அந்த ஒழுங்கே பெரிய ஆறுதல்.

இன்று வகுப்பில் இருப்போர் 2009க்குப் பின் பிறந்தவர்கள். ஆயினும், காணாமற்போன மகனுக்காக இன்னும் வாசலைப் பார்த்திருக்கும் அப்பாச்சியின் வீட்டிலிருந்து வருவோரும் அவருள் உளர். காணாமற்போனோரைத் தேடி இணைக்கவென 2009 டிசம்பரில் வவுனியாவில் திறந்த பணிமனையில், சிறுவர் தொடர்பாக மட்டும் 676 விண்ணப்பங்கள் பதிவாயின. ஆதலால் "எனது குடும்பம்" என்று கட்டுரைத் தலைப்புக் கொடுப்பதை நாம் விட்டுவிட்டோம். இரணைமடுக் குளத்தைப் பற்றி எழுதச் சொல்கின்றோம். வேண்டுவோர் அதற்குள்ளேயே வீட்டையும் எழுதிவிடுகின்றனர்.

அம்மாணாக்கனைப் பின்பு நாம் எழுப்பி நிறுத்தவில்லை. மூன்றாந் தவணையில் ஒருநாள் பையைக் கழற்றி வாங்கின்கீழ் வைத்தான். வாய்பாடு அதற்குப் பிறகுதான் வந்தது.