காசு கணக்கில் விழுந்ததா?



சம்மாந்துறையில் ராத்தா ஒருவர், போரில் கணவரை இழந்தவர், மருதமுனைக் கைத்தறிச் சாரிகளைக் கைத்தொலைபேசியில் படம் காட்டி விற்கிறார். நெசவாளரிடம் கடனுக்கு எடுப்பார், விற்றபின் கொடுப்பார். பொதி கையில் கிடைத்ததும்தான் வாங்குபவர் காசு கொடுப்பார். அவர் மனம் மாறினால் பொதி திரும்பி வரும். அனுப்பிய கூலி போனதுதான். சில கூரியர்காரர் திருப்பிக் கொண்டுவரும் கூலியையும் கழிப்பார்கள்.

புதியவர்களிடம் கூலியையாவது முன்கூட்டி வாங்குங்கள் என்றேன். "கேட்டா ஓடிருவாங்க தங்கச்சி" என்றார். சிலர் ஓடத்தான் செய்தார்கள். ஆனால் திரும்பி வரும் பொதிகள் குறைந்தன.

வங்கிச் சீட்டின் படத்தை மட்டும் நம்பாதீர்கள். படத்தில் தொகையை மாற்றலாம். வங்கிக்கு வங்கி உடனே காசு போகும் வசதி நம் நாட்டில் 2015 முதல் உண்டு. கணக்கில் விழுந்ததைப் பார்த்தபின் பொதியைக் கட்டுங்கள்.

கார்பன் தாள் வைத்து எழுதும் பற்றுச்சீட்டுப் புத்தகம் ஒன்று அவசியம். சாரியின் விலை, கூலி இரண்டையும் தனித்தனியே எழுதுங்கள். உங்களிடம் நிற்கும் பிரதியில் பொதி இலக்கத்தையும் குறியுங்கள். கூரியர்காரர் பல பொதிகளின் காசைச் சேர்த்தே சில நாள் கழித்து அனுப்புவார்கள். எது விடுபட்டது என்று இலக்கம் பார்த்தால்தான் தெரியும். ராத்தாவுக்கு இரண்டு சாரிகளின் காசு அப்படி விடுபட்டிருந்தது. புத்தகத்தோடு போய்க் கேட்டு வாங்கி, நெசவாளரின் கடனை அடைத்தார்.