“அம்மாவிடம் சொல்லாதே!”

மாலை நாலரை மணிக்குக் கிழக்குத் தாம்பரத்தில் நின்று பாருங்கள். பள்ளி வேன்கள் வரிசையாக வந்து குழந்தைகளை இறக்கிவிட்டுப் போகும். சேலையூர், செம்பாக்கம், ராஜகீழ்ப்பாக்கம் என்று எங்கும் அடுக்கு வீடுகள். தகப்பனாருக்குக் கிண்டியில் வேலை, தாயாருக்குச் சானடோரியத்தில். மின்சார ரயிலில் நசுங்கி இருவரும் வீடு சேர ஏழு மணியாகிவிடும். அதுவரை குழந்தை டியூஷனில், பாட்டு வகுப்பில், பக்கத்து வீட்டில். இதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை.

வீட்டுக்கு வந்ததும் என்ன கேட்கிறோம்? “சாப்பிட்டாயா? ஹோம்வொர்க் எழுதினாயா?” அவ்வளவுதான். “உன்னிடம் யாராவது பிடிக்காத மாதிரி நடந்துகொண்டார்களா?” என்று என்றாவது கேட்டதுண்டா?

“சீ! குழந்தையிடம் போய் இதையெல்லாமா பேசுவது?” என்று முகம் சுளிக்கும் தாய்மார்கள் உண்டு. அவர்கள் 2018-ஆம் ஆண்டில் சென்னை அயனாவரத்தில் நடந்ததைச் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும். நூற்றுக்கணக்கான வீடுகள், வாசலில் காவல், ஏறி இறங்க லிப்ட் எல்லாம் இருந்த குடியிருப்பு அது. அங்கேதான், காது சரியாகக் கேளாத 11 வயதுச் சிறுமி பல மாதங்கள் பாலியல் கொடுமைக்கு ஆளானாள். வெளியூரிலிருந்து வந்த அக்காளிடம் அவள் வாய் திறந்த பிறகே விஷயம் அம்பலமாயிற்று. 17 பேர் கைதானார்கள். 2020 பிப்ரவரியில் சிறப்பு நீதிமன்றம் 15 பேரைத் தண்டித்தது. பூட்டும் காவலும் செய்யாததைச் செய்தது, காது கொடுத்துக் கேட்க ஓர் அக்காள் இருந்ததுதான்!

இந்திய அரசு 13 மாநிலங்களில் விசாரித்து 2007-ல் வெளியிட்ட ஆய்வில், கேட்கப்பட்ட குழந்தைகளில் பாதிக்கு மேற்பட்டோர் ஏதோ ஒரு வகைப் பாலியல் தொல்லையைச் சொன்னார்கள். அப்படிச் சொன்னவர்களில் ஆண் குழந்தைகள்தாம் அதிகம்! “நமக்குப் பிள்ளைதானே” என்று நிம்மதியாக இருப்பவர்கள் கவனிக்கவும். தொல்லை தந்தவர்களில் பாதிப் பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள், நம்பிக்கைக்கு உரியவர்கள்.

அதற்காக வேன் டிரைவரையும் வாத்தியாரையும் சந்தேகக் கண்ணோடு பார்க்க வேண்டாம். குழந்தையைத் தயார் செய்தால் போதும். கை, கால், மூக்கு என்று சொல்லித் தருவதுபோல மறைவான உறுப்புகளுக்கும் பெயர் சொல்லிக் கொடுங்கள். “மாமாவுக்கு ஒரு முத்தம் கொடு” என்று வற்புறுத்தாதீர்கள். வேண்டாம் என்று சொல்ல அங்கேதான் குழந்தை பழகுகிறது. தீபாவளிச் சட்டையை ஒளித்து வைப்பது வேடிக்கை. அது தீபாவளியன்று வெளியாகிவிடும். “அம்மாவிடம் எப்போதுமே சொல்லாதே” என்பது வேடிக்கையல்ல, அபாயச் சங்கு. அப்படி யார் சொன்னாலும் உடனே வந்து சொல்ல வேண்டும் என்று பழக்குங்கள்.

டியூஷன் என்றாலே திடீரென்று வயிற்றுவலி, நின்றுபோன படுக்கை நனைப்பு மறுபடி, யார் கொடுத்தது என்று தெரியாத பரிசுகள்: இவற்றுக்கு வேறு காரணமும் இருக்கலாம். ஆனால், அதட்டாமல் விசாரியுங்கள்.

குழந்தை சொல்லிவிட்டால்? அலறாதீர்கள். “ஏன் அப்போதே சொல்லவில்லை?” என்று கேட்காதீர்கள். “சொன்னது நல்லதாயிற்று. உன் மேல் தப்பே இல்லை” என்று அணைத்துக் கொள்ளுங்கள். துருவித் துருவிக் கேட்க வேண்டாம். 1098-க்குப் போன் செய்யுங்கள். இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள், கட்டணமில்லை. அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்கும் போகலாம்.

“நாலு பேருக்குத் தெரிந்தால் மானம் போகுமே!” என்று பாட்டிமார் பதறுவார்கள். 2012-ஆம் ஆண்டின் போக்ஸோ சட்டம் இதற்கும் வழி செய்திருக்கிறது. குழந்தையின் பெயரையோ அடையாளத்தையோ பத்திரிகைகள் வெளியிடக்கூடாது. போலீசார் சீருடையில்லாமல், வீட்டுக்கே வந்து வாக்குமூலம் வாங்கலாம். கூடியவரை பெண் அதிகாரியே வர வேண்டும். இன்னொன்று: தெரிந்தும் மூடி மறைப்பதுதான் சட்டப்படி குற்றம். மானம் போக வேண்டியது குற்றம் செய்தவனுக்கு; குழந்தைக்கு அல்ல.

இன்றிரவு சாப்பாடு ஆனதும் குழந்தையை மடியில் உட்கார வைத்து, “உனக்கு ஒரு கஷ்டம் வந்தால் யார் யாரிடம் சொல்வாய்? விரல் விட்டு எண்ணு, பார்க்கலாம்” என்று கேளுங்கள். ஐந்து பேர் கிடைத்தால் நல்லது. முதல் விரலில் உங்கள் பெயர் வருகிறதா என்று மட்டும் கவனியுங்கள்.