செவ்வாய்க் கல்லும் அமானிதமும்

1865 ஆகஸ்ட் 25 அன்று பீகாரின் ஷெர்காட்டியில் ஏறத்தாழ 5 கிலோ எடையுள்ள விண்கல் ஒன்று விழுந்தது. அது செவ்வாய்க் கோளின் கல் என்பது ஒரு நூற்றாண்டுக்குப் பின்னரே தெளிவாயிற்று. 1976இல் அங்கு இறங்கிய வைக்கிங் கலங்கள் அளந்த காற்றும், அதே இனத்தைச் சேர்ந்த வேறொரு கல்லினுள் சிறைப்பட்டிருந்த வாயுவும் ஒத்திருந்தன. அவ்வினத்திற்கு இன்றும் ஷெர்காட்டைட் என்றே பெயர்.

இன்று இத்தகைய கற்களின் சிறு சில்லுகள் இணையத்தில் கிராம் கணக்கில் விற்கப்படுகின்றன. அல்லாஹ்வின் படைப்பை வியந்து ஒரு சில்லைச் சேர்த்து வைப்பதில் தவறு காண இயலாது. ஆயினும் வாங்குமுன் இரண்டு கேள்விகள் உள்ளன.

முதலாவது, அது மெய்யானதா? வெள்ளக்கடை உள்ளிட்ட சேர்வராயன் மலைப்பகுதியின் சார்னோக்கைட் கருங்கல்லை உடைத்துச் செவ்வாய்க் கல் என்று விற்றால், வெறுங்கண்ணால் எத்தனை பேர் கண்டுகொள்வர்? ஆய்வுக்கூடச் சோதனையே அதை உறுதி செய்யும். ஐயமுள்ளதை உறுதியென்று கூறி விற்பது மார்க்கம் தடுத்த மோசடி.

இரண்டாவது, அது யாருடையது? 2023இல் நைஜர் நாட்டில் கிடைத்த 24.67 கிலோ செவ்வாய்க் கல், 2025 ஜூலையில் நியூயார்க்கில் சுமார் 53 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அது நாட்டைவிட்டு வெளியேறிய விதம் குறித்து நைஜர் அரசு விசாரணை தொடங்கியது. ஷெர்காட்டிக் கல்லின் பெரும்பகுதியோ கொல்கத்தாவில் பொதுச் சொத்தாகக் காக்கப்படுகிறது. அதன் துணுக்குகளைக் கொண்டு உலகெங்கும் அறிஞர்கள் ஆய்ந்துள்ளனர். அதுவே அமானிதம் பேணுதல்.

வந்த வழி தெரியாத கல், எத்துணை அரியதாயினும், நம் வீட்டிற்கு வேண்டாம்.