அரைக் கிண்ணத்தில் பசியாறுதல்

செட்டிநாட்டுப் பேச்சில் காலை உணவு உண்பதற்குப் 'பசியாறுதல்' என்று பெயர். வீட்டுக்கு வந்தவரைப் பார்த்து முதலில் கேட்பதே "பசியாறியாச்சா?" என்பதுதான். உடல் எடையைக் குறைப்பதற்காக இரைப்பையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு ஊர் திரும்பியவரிடமும் அதே கேள்வியைத்தான் கேட்கிறோம். அவருக்கோ பல மாதங்களுக்குப் பசி என்ற ஒன்றே சரியாகத் தோன்றுவதில்லை. அரைக் கிண்ணம் உள்ளே போனதும் மார்பு அடைக்கிறது. "போதும்" என்கிறார். வீடு நம்ப மறுக்கிறது.

நான் அறுவை மருத்துவன் அல்லன். இரைப்பை, குடல் நோய்களைப் பார்க்கும் மருத்துவன். நம் வட்டாரத்தில் இந்த அறுவை செய்துகொள்பவர்களில் பெரும்பாலோர் மதுரைக்கோ, திருச்சிக்கோ, சென்னைக்கோ போய்ச் செய்துகொள்கிறார்கள். மூன்று நான்கு நாள்களில் வீட்டுக்கு அனுப்பப்படுகிறார்கள். பிறகு எப்படி உண்பது என்பதை அவர்கள் கற்றுக்கொள்ளும் இடம் அந்த மருத்துவமனை அன்று; கோவிலூரிலும் காரைக்குடியிலும் சுற்றுப்பட்ட ஊர்களிலும் இருக்கும் அவர்கள் வீட்டு அடுப்படிதான். அங்கே தவறு நேர்ந்தால் என் அறைக்கு வருகிறார்கள். இத்தனை ஆண்டுகளில் என் மனத்தில் உறுதிப்பட்ட கருத்து ஒன்று உண்டு. அறுவை ஒருவருக்குத்தான் நடக்கிறது என்றாலும், உணவுமுறை மாற வேண்டியது அந்த வீடு முழுமைக்கும். நோயாளியின் மன உறுதியை மட்டும் நம்பி விட்டுவிடுவது நியாயமும் அன்று, பாதுகாப்பும் அன்று.

இந்த அறுவை புதியதன்று. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் மேசன் என்ற அறுவை மருத்துவர் 1966-ஆம் ஆண்டிலேயே உடல் எடைக்காக இரைப்பை பைபாஸ் செய்தார். குடற்புண்ணுக்காக இரைப்பையில் ஒரு பகுதியை நீக்கிக்கொண்டவர்கள் மெலிந்தே இருப்பதைக் கவனித்ததிலிருந்து பிறந்த எண்ணம் அது. இன்று மிகுதியாகச் செய்யப்படுவது 'ஸ்லீவ்' எனப்படும் முறை. இரைப்பையின் ஏறத்தாழ முக்கால் பங்கை நீளவாக்கில் வெட்டி நீக்கி, எஞ்சியதை ஒரு குழாய்போல் ஆக்குகிறார்கள். பசியைத் தூண்டும் கிரெலின் என்னும் சுரப்பு பெரும்பாலும் அந்த நீக்கப்பட்ட பகுதியில்தான் உண்டாகிறது. பைபாஸ் முறையில் இரைப்பை சிறு பையாக்கப்பட்டுச் சிறுகுடலின் ஒரு பகுதி விலக்கப்படுவதால், உண்ணும் அளவு குறைவதோடு சத்துகள் உட்கிரகிக்கப்படுவதும் குறைகிறது. எந்த முறையானாலும், தொடக்க மாதங்களில் ஒரு வேளைக்கு நூறு, நூற்றைம்பது மில்லி கொள்ளும் இடமே உள்ளே இருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பெண்மணி வந்தார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சொல்கிறேன். வயது நாற்பதுக்குள். வேறோர் ஊரில் அறுவை நடந்து ஐந்து வாரம் ஆகியிருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தார். பார்ப்பவை இரண்டிரண்டாகத் தெரிவதாகவும், கால் மரத்திருப்பதாகவும் சொன்னார். இரண்டு வாரங்களாகத் தொடர்ந்து வாந்தி. உடன் வந்த மாமியார் கண்ணீரோடு சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "கஞ்சியாக் கரைச்சுக் கரைச்சுக் குடுத்தேன் டாக்டர், ஒன்னும் தங்கல." இடையில் இரண்டு முறை வெவ்வேறு இடங்களில் குளுக்கோஸ் ஏற்றியிருக்கிறார்கள். அறுவை நடந்ததை அங்கே யாரும் சொல்லவில்லை. 'வெளியே தெரிந்தால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள்' என்று குடும்பம் தங்களுக்குள் கட்டுப்பாடு செய்துகொண்டிருந்தது. சொல்லியிருந்தால் அந்த மருத்துவர்கள் வேறு விதமாக நடந்திருப்பார்கள். நான் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

அவருக்கு வந்தது வைட்டமின் பி1, அதாவது தயமின் குறைபாடு. உடல் இந்தச் சத்தைச் சேமித்து வைப்பது இரண்டு மூன்று வாரங்களுக்குத்தான். உணவும் போதாமல் வாந்தியும் தொடர்ந்தால் இருப்பு தீர்ந்துவிடும். அந்த நிலையில் தயமின் கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால், எஞ்சியிருக்கும் கொஞ்சமும் அதைச் செரிப்பதற்கே செலவாகி, மூளையும் நரம்பும் பாதிக்கப்படலாம். நெல்லுண்ணும் நாடுகள் இந்த நோயை 'பெரிபெரி' என்ற பெயரில் நெடுங்காலம் அறியும். தீட்டிய அரிசியைத் தின்ற கோழிகள் கால் வலுவிழந்து விழுவதை ஜாவாவில் கண்டறிந்த கிறிஸ்டியான் ஐக்மன் 1929-இல் நோபல் பரிசு பெற்றார். நம் முன்னோர் நெல்லை வேகவைத்துப் புழுங்கலரிசியாக்கியதால் தவிட்டிலிருந்த தயமின் அரிசிக்குள் இறங்கித் தங்கியது. புழுங்கலரிசி உண்டவர்களிடம் அந்த நோய் அரிதாக இருந்ததற்கு அதுவே காரணம். ஆயினும் வாந்தி எடுப்பவருக்கு எந்த அரிசிக் கஞ்சியும் மருந்தாகாது. அப்பெண்மணிக்கு நரம்பு வழியாகத் தயமின் செலுத்தினோம். கண் சில நாள்களில் தெளிந்தது. கால் மரப்பு நீங்கப் பல மாதங்கள் ஆயின.

ஆகவே, வேறு எதை மறந்தாலும் இதை மட்டும் நினைவில் வையுங்கள். அறுவைக்குப் பின் இரண்டு மூன்று நாள் தொடர்ந்து வாந்தி இருந்தால் அது 'பழகிக்கொள்ள வேண்டிய' ஒன்றன்று. உடனே மருத்துவரிடம் வாருங்கள். எங்கே போனாலும் "எனக்கு இரைப்பை அறுவை ஆகியிருக்கிறது" என்பதையே முதலில் சொல்லுங்கள். மூட்டுவலிக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் போன்ற மாத்திரைகள், குறிப்பாக பைபாஸ் செய்துகொண்டவருக்கு, புண்ணையும் இரத்தக்கசிவையும் உண்டாக்கும். சர்க்கரை நோய்க்கான பழைய மருந்தளவும் இனி பொருந்தாது. மறைத்தால் இவை எல்லாமே தவறிப்போகும்.

இனிக் கஞ்சிக்கு வருகிறேன். உடல் நலம் குன்றியவர்க்குக் கஞ்சி என்பது நம் பழக்கம். அதில் பெரிய அன்பு இருக்கிறது. முதல் ஓரிரு வாரம் நீர்ம உணவுதான் என்பதும் உண்மையே. ஆனால் அரிசிக் கஞ்சி நூறு மில்லியில் ஒரு கிராம் புரதம்கூட இராது. அறுவை செய்துகொண்டவருக்கு நாள்தோறும் அறுபது முதல் எண்பது கிராம் புரதம் வேண்டும். இல்லையென்றால் கொழுப்போடு தசையும் கரையும். உள்ளே இருக்கும் இடமோ சிறிது. அந்தச் சிறிய இடத்தை மாவுச்சத்தால் நிரப்புவது, திருமண மண்டபத்தில் உறவினர் வருமுன் வாடகை நாற்காலிகளை அடுக்கி வழியை அடைப்பது போன்றது. ஒரு முட்டையில் ஆறு கிராம், நூறு கிராம் மீனில் ஏறத்தாழ இருபது, பனீரில் பதினெட்டு, நூறு மில்லி பாலிலோ தயிரிலோ மூன்று. இலையில் முதலில் வைக்க வேண்டியவை இவைதான். குழைய வேகவைத்து மசித்த பாசிப்பருப்பும் அப்படியே. சோறு கடைசியில், இடம் இருந்தால்.

பெருநகர மருத்துவமனைகளில் கொடுத்தனுப்பும் உணவு அட்டவணைகள் சிலவற்றைப் பார்த்திருக்கிறேன். பிராக்கோலி, கினோவா, கிரீக் யோகர்ட். காரைக்குடிச் சந்தையில் முருங்கைக்கீரையும் விரால் மீனும் வாங்கிப் பழகிய ஓர் ஆச்சி அந்தத் தாளைக் குளிர்பதனப் பெட்டியின் மேல் ஒட்டிவைத்துவிட்டு, வழக்கம்போலச் சமைப்பதில் வியப்பென்ன? நம் அடுக்களையிலேயே வேண்டியது இருக்கிறது. காரம் குறைத்த தண்ணிக்குழம்பில் முள் நீக்கிய மீன், நன்றாக வெந்த கோழியின் நார் பிரித்த சதை, முட்டை, மோர், சுண்டல் மசியல். பட்டை, சோம்பு எல்லாம் போடலாம். மிளகாயையும் எண்ணெயையும் குறைத்தால் போதும். மணம் இல்லாத உணவை ஓர் ஆயுள் முழுவதும் யாரும் உண்ண முடியாது.

நம் உணவுகளில் தொல்லை தருபவையும் உண்டு. பரோட்டாவும், நார் மிகுந்த ஆட்டுக்கறியும், ஒட்டிக்கொள்ளும் கவுனி அரிசியும் குறுகிய வழியில் சிக்கிக்கொள்ளும். இனிப்பு மிகுந்த பால் பணியாரம், கந்தரப்பம் போன்றவை, குறிப்பாக பைபாஸ் செய்தவர்களுக்கு, உண்ட அரைமணி நேரத்துக்குள் படபடப்பு, வியர்வை, வயிற்று முறுக்கு என்று வரும். சிலருக்கு இரண்டு மூன்று மணி நேரம் கழித்துச் சர்க்கரை திடீரெனக் குறைந்து தலை சுற்றும். இவற்றையெல்லாம் உடலே கற்றுக்கொடுத்துவிடும். நான் அதிகம் அஞ்சுவது எந்தத் தொல்லையும் தராத பலகாரங்களைத்தான். சீப்புச் சீடையும் தேன்குழலும் காப்பியோடு சேர்ந்தால் கரைந்து வழுக்கிக்கொண்டு இறங்கும். வயிறு எதிர்ப்புத் தெரிவிக்காது. மாலை இடைப்பலகாரமாக நாள்தோறும் தொடர்ந்தால், இரண்டாம் மூன்றாம் ஆண்டில் எடை திரும்பி வரும். அப்போது எல்லோரும் நோயாளியைத்தான் குற்றம் சொல்வார்கள். தகர டப்பாவை மேசைமேல் வைத்தவரை யாரும் கேட்பதில்லை.

விருந்து இன்னும் கடினமானது. நம் பந்தியில் இலையில் மிச்சம் வைப்பது பரிமாறியவருக்குச் செய்யும் அவமதிப்பாகக் கருதப்படுகிறது. "இன்னும் ஒன்னே ஒன்னு" என்று வற்புறுத்துவது மரியாதையாகக் கருதப்படுகிறது. இந்த உபசரிப்பில் வளர்ந்தவன்தான் நானும். அதை இழிவாகப் பேச எனக்கு மனம் வராது. ஆனால் அறுவை செய்துகொண்டவர் ஒரு வாயை நன்றாக மென்று, இருபது முப்பது நிமிடம் எடுத்துக்கொண்டு, தண்ணீர் குடிக்காமல் உண்ண வேண்டியவர். தண்ணீர் அரைமணி நேரம் கழித்துத்தான். அடுத்த பந்திக்கு ஆள் காத்திருக்கும் இடத்தில் அது நடவாது. ஆகையால் அவருக்கு உள்கட்டில் ஒரு சிறு கிண்ணத்தில் தனியே கொடுங்கள். அல்லது வீட்டிலேயே உண்டுவிட்டு வந்து பந்தியில் வெறுமனே பேசிக்கொண்டிருக்க விடுங்கள். வீட்டுப் பெரியவர் ஒருவர், "அவளுக்கு நான் சொல்லும் அளவுதான்" என்று ஒரு முறை அறிவித்துவிட்டால் போதும். இருபது பேருக்கு இருபது முறை மறுப்புச் சொல்லும் சுமை நோயாளியை விட்டு நீங்கும்.

பிள்ளையார் நோன்பன்று இழை எடுத்துக்கொள்ளலாமா என்று ஓர் ஐயா என்னிடம் தயங்கித் தயங்கிக் கேட்டார். எனக்குப் பிடித்த கேள்வி அது. மாவில் ஒரு விரல்நுனி அளவு எடுத்துக்கொள்ளுங்கள், திரி நூலை மட்டும் இந்த ஆண்டு விழுங்க வேண்டாம் என்றேன். நூல் சிறிய வழியில் தங்கிவிடக் கூடும் என்பதற்காகச் சொன்னேன். பிள்ளையார் பொறுத்துக்கொள்வார் என்று அவரே சொல்லிச் சிரித்தார்.

மறைப்பது பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். 'வாயைக் கட்ட முடியாமல் வயிற்றை வெட்டிக்கொண்டாள்' என்ற பேச்சுக்கு அஞ்சித்தான் பலர் மறைக்கிறார்கள். மிகைப் பருமனோடும் அதனால் வரும் சர்க்கரை நோயோடும் பத்து, பதினைந்து ஆண்டு போராடிய பிறகே இந்த முடிவுக்கு ஒருவர் வருகிறார். ஆசியர்களுக்கு உடல்நிறைக் குறியீட்டெண் 27.5 முதற்கொண்டே இதைக் கருதலாம் என்று பன்னாட்டுச் சங்கங்கள் 2022-இல் பரிந்துரைத்திருக்கின்றன. நம்மவர்க்குக் குறைந்த எடையிலேயே சர்க்கரை நோய் வந்துவிடுகிறது என்பதே அதற்குக் காரணம். இது குறுக்கு வழி என்பவர்கள், அறுவைக்குப் பின் மூன்றாம் மாதத்தில் தலைமுடி கொத்துக் கொத்தாக உதிரும்போது அந்தப் பெண்ணின் பக்கத்தில் ஒரு நாள் உட்கார்ந்து பார்க்கட்டும். அந்த முடி பெரும்பாலும் திரும்ப வளரும் என்பதையும் சொல்லிவைக்கிறேன். எதிர்ப்பக்கத்தில், "இளைச்சு அழகாயிட்டே" என்ற பாராட்டையும் கொஞ்சம் அடக்கிவையுங்கள். அந்தப் பாராட்டுக்காகவே புரதத்தைக் குறைத்துக்கொண்ட இளம்பெண்களைப் பார்த்திருக்கிறேன். பிள்ளைப்பேற்றை ஒன்றரை ஆண்டேனும் தள்ளிப்போட வேண்டும் என்பதைப் புதுமணத் தம்பதியரின் பெற்றோரும் அறிந்திருப்பது நல்லது.

பல்சத்து மாத்திரை, பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி ஆகியவை ஓராண்டோடு முடிபவை அல்ல. ஆயுள் முழுவதும் வேண்டியவை. முதலாண்டில் சில முறையும் பிறகு ஆண்டுக்கு ஒரு முறையும் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். இதற்காக மதுரைக்கோ சென்னைக்கோ போக வேண்டியதில்லை. அறுவை செய்த மருத்துவமனை தந்த விடுவிப்புச் சீட்டோடு இங்கே வாருங்கள். வரும்போது நோயாளி மட்டும் வர வேண்டாம். வீட்டில் சமைப்பவரையும் அழைத்து வாருங்கள்.

கால் மரத்து வந்த அந்தப் பெண்மணி இப்போது ஆண்டுக்கு ஒரு முறை வருகிறார். மாமியாரும் உடன் வருகிறார். சென்ற முறை மருமகள் வாய் திறக்குமுன், நேற்று எத்தனை முட்டை, எவ்வளவு மீன், எத்தனை மில்லி மோர் என்று கணக்கை அந்த ஆச்சியே ஒப்பித்தார். நான் கூட்டிப் பார்த்தேன். அறுபத்திரண்டு கிராம்.