மாநாட்டுப் பந்தலில் ஒரு வாக்குப்பெட்டி

2024 சனவரி 26 அன்று சிறுகனூரில் விடுதலைச் சிறுத்தைகள் கட்சியின் 'வெல்லும் சனநாயகம்' மாநாடு. விழுப்புரம், கடலூர்ப் பக்கத்து வண்டிகள் ரஞ்சன்குடி கோட்டையைத் தாண்டித்தான் திருச்சி நோக்கிப் போயின. எங்கள் பக்கத்து முகாமிலிருந்தும் ஒரு வேன் கிளம்பியது. அதில் பாதிக்கு மேல் பெண்கள். பருத்தி எடுக்கப் போகாமல் ஒரு நாள் கூலியை விட்டு வந்தவர்கள். வேன் வாடகைக்கும் பங்கு போட்டவர்கள். திரும்பி வரும்போது ஓர் அக்கா கேட்டார்: "இத்தனை சனம் கூடுறோமே தம்பி, ஓட்டுக்கு யாரை நிறுத்தலாம்னு என்னைக்காச்சும் நம்மகிட்ட கேட்டிருக்காங்களா?"

கேட்டதில்லை. தலைமை அறிவிக்கும், நாம் சுவரெழுதுவோம். இது ஒரு கட்சியின் குறை மட்டுமல்ல. தமிழ்நாட்டின் பெரிய கட்சிகளிலும் விருப்ப மனு, நேர்காணல், பட்டியல் என்பதுதான் நடைமுறை. ஆனால், சாதி ஒழிப்பை முன்வைக்கும் இயக்கம் 'எல்லோரும் இப்படித்தானே' என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

மாநாட்டில் முடிவெடுப்பது நம் மண்ணுக்குப் புதிதும் அல்ல. 1956 மே மாதம் திருச்சியில் கூடிய திமுக மாநில மாநாட்டில் சிவப்பு, கறுப்பு என இரண்டு பெட்டிகள் வைத்தார்கள். தேர்தலில் போட்டியிடலாமா, வேண்டாமா? போட்டியிடலாம் என 56,942 வாக்குகள். வேண்டாம் என 4,203. மறு ஆண்டு தேர்தலில் 15 பேர் சட்டமன்றம் போனார்கள். கணினியும் கைப்பேசியும் இல்லாத காலத்தில் அறுபதாயிரம் சீட்டுகளை எண்ண முடிந்தது. இன்று ஒரு தொகுதியின் சில ஆயிரம் உறுப்பினர்களிடம் கேட்பதற்கு என்ன தடை? (அந்தக் கட்சியே பிறகு பெட்டிகளை மூட்டை கட்டி வைத்துவிட்டது என்பது வேறு கதை.)

1942 சூலையில் நாக்பூரில் நடந்த மாநாடு இன்னும் நெருக்கமான முன்மாதிரி. பட்டியல் சாதியினர் கூட்டமைப்பு அங்கேதான் பிறந்தது. தலைமை வகித்தவர் சென்னையின் என். சிவராஜ். அதே பந்தலில் சுலோசனா டோங்ரே தலைமையில் பெண்கள் தனியாக மாநாடு கூட்டி, மணமுறிவு உரிமை வேண்டும், பலதார மணம் ஒழிய வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். அவர்கள் கூட்டத்தின் தலையெண்ணிக்கைக்காக வரவில்லை.

இதை நம் நிலையோடு வைத்துப் பாருங்கள். 2024 அக்டோபர் 2 அன்று உளுந்தூர்பேட்டையில் மது ஒழிப்புக்காக நடந்தது மகளிர் மாநாடு. 2021 சட்டமன்றத் தேர்தலில் விசிக நின்ற ஆறு தொகுதிகளின் வேட்பாளர்களும் ஆண்கள். அதில் நான்கு இடங்களில் வென்றதும், அவற்றில் திருப்போரூரும் நாகப்பட்டினமும் பொதுத் தொகுதிகள் என்பதும் சாதாரணமல்ல. தலித்துகள் தனித்தொகுதிக்கு மட்டும்தான் என்ற எழுதாத சட்டத்தை உடைத்த முடிவு அது. அந்தப் பெருமையை நானும் கொண்டாடினேன். ஆனால் நல்ல முடிவும் மேலிருந்துதான் வந்தது. அடுத்த முறை மோசமான முடிவு வந்தாலும் அதே வழியில்தான் வரும்.

இங்கே பூனா ஒப்பந்தத்தின் மறக்கப்பட்ட ஒரு பிரிவை எடுத்துப் பார்க்கலாம். 1932இல் தனி வாக்காளர் தொகுதியை இழந்தபோது பாபாசாகேப்புக்கு ஈடாகக் கிடைத்தவற்றில் ஒன்று முதற்கட்டத் தேர்தல். தனித்தொகுதியில் முதலில் ஒடுக்கப்பட்ட வாக்காளர்கள் மட்டும் வாக்களித்து நான்கு பேரைத் தேர்ந்தெடுப்பார்கள். பிறகு அந்த நால்வரில் ஒருவரை எல்லா வாக்காளர்களும் சேர்ந்து தேர்ந்தெடுப்பார்கள். இதன் ஓட்டையையும் அம்பேத்கரே காட்டினார்: சேரி வாக்கில் நான்காவதாக வந்தவரை ஊர் வாக்கு வெற்றிபெற வைத்துவிட முடியும். அரசமைப்புச் சட்டம் வந்தபோது அந்த முதற்கட்டமும் இல்லை. அதனால்தான் இன்று பெரம்பலூர் சட்டமன்றத் தொகுதியிலும் சிதம்பரம் நாடாளுமன்றத் தொகுதியிலும் வேட்பாளர் தலித்தாக இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. தலித் மக்கள் ஏற்றவராக இருக்க வேண்டும் என்று எதுவும் சொல்வதில்லை. ஊர்க்காரர்களிடம் குனிந்து பேசுகிறவரே பெரிய கட்சிகளுக்கு 'வெற்றி வாய்ப்புள்ளவர்' ஆகிவிடுகிறார்.

சட்டம் கைவிட்ட அந்த முதற்கட்டத்தை இயக்கம் தனக்குள் நடத்திக்கொள்ளலாம். யாருடைய அனுமதியும் வேண்டாம். தேர்தலுக்கு ஆறு மாதம் முன்பே தொகுதி மாநாடு. முகாம்தோறும் பேராளர்கள், அவர்களில் பாதிப் பேர் பெண்கள். இரகசிய வாக்கெடுப்பில் நால்வர் பட்டியல். சாதி இந்து உறுப்பினர் இருந்தால் அவருக்கும் வாக்கு உண்டு. நான்கில் இரண்டு பெண்களுக்கு. ஒன்று, அந்தத் தொகுதியில் எண்ணிக்கை குறைந்த அருந்ததியர் போன்ற சமூகத்துக்கு. இல்லையென்றால் பெரும்பான்மை வாக்கு நமக்குள்ளேயே இன்னொரு ஊர், சேரியை உண்டாக்கிவிடும்.

கூட்டணிப் பேச்சு கடைசி வாரத்தில்தானே முடிகிறது, அதற்குள் வாக்கெடுப்பா என்று கேட்பார்கள். அதனால்தான் முன்கூட்டியே பட்டியல் என்கிறேன். எந்தத் தொகுதி கிடைக்கும் என்பதைக் கூட்டணி முடிவு செய்யட்டும். கிடைத்த தொகுதியில் யார் என்பது தயாராக இருக்கும். தலைமை நால்வரில் ஒருவரை எடுக்கட்டும். முதலிடம் வந்தவரை விட்டு நான்காமவரை எடுத்தால், அதே தொகுதிக்கு வந்து காரணத்தைச் சொல்ல வேண்டும். அம்பேத்கர் காட்டிய ஓட்டை நம் அலுவலக அறையில் திறந்துவிடக் கூடாது.

கோஷ்டி வரும் என்பது உண்மையான பயம். சொந்தபந்தம், பணம், ஒன்றியச் செயலாளரின் கெடுபிடி எல்லாம் வாக்குப்பெட்டிக்குள்ளும் நுழையும். இப்போது மட்டும் அவை இல்லையா? வெளியே தெரியாத அறைக்குள் இருக்கின்றன, அவ்வளவுதான்.

எனக்குப் பெரிய கவலை பணம்தான். சட்டமன்றத் தேர்தலுக்கு வைப்புத்தொகை பட்டியல் சாதியினருக்கு 5,000 ரூபாய். செலவு உச்சவரம்போ 40 லட்சம்; நடப்பில் அதற்கு மேலும் போகும். செலவை வேட்பாளர் தலையில் கட்டும்வரை, எந்த வாக்கெடுப்பு வைத்தாலும் வசதியுள்ளவர்தான் முன்னால் வருவார். எனவே மேடை, கட் அவுட், டிஜிட்டல் திரைக்குக் கொட்டும் பணத்தில் ஒரு பகுதியைத் தொகுதி நிதியாக ஒதுக்கி, வரவு செலவை முகாம் கூட்டத்தில் வாசிக்க வேண்டும். வேனுக்குப் பணம் போட்ட அக்காவுக்கு அந்தக் கணக்கைக் கேட்கும் உரிமை உண்டு.

தொடங்க மாநிலம் முழுவதும் வேண்டாம். பெரம்பலூர், குன்னம் இரண்டு தொகுதிகள் போதும். ஒன்று தனி, ஒன்று பொது. பருத்தி எடுப்பும் மக்காச்சோள அறுப்பும் இல்லாத நாளாகப் பார்த்து, காலை வேலைக்குப் போய்த் திரும்புகிறவர்களும் வரும்படி சாயங்காலம் வரை பெட்டியைத் திறந்து வைக்க வேண்டும். அன்று எந்தத் தலைவரும் மேடையேற வேண்டியதில்லை.