டேப் பேக்கப்: எவ்வளவு பிடிக்கும் என்று மட்டும் கேட்காதீர்கள்!

சென்ற மாதம் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய மாமா ஒருவர் போன் செய்தார். "பழைய டேப் டிரைவ் ஒண்ணு மலிவா வருதுப்பா. கூடவே பத்து டேப் தர்றாங்க. பேத்தி போட்டோவை எல்லாம் அதுல பேக்கப் எடுத்து வச்சுடலாமா?" என்று கேட்டார். எந்த வகை என்று விசாரித்தேன். "டாட் 72" என்றார். "வேண்டாம் மாமா" என்று சொல்லிவிட்டேன். அதற்கான காரணங்கள் உங்களுக்கும் பயன்படும்.

முதலில் அந்தப் பெயரைப் பாருங்கள். 2003-ல் வந்த டாட் 72 டேப்பில் உண்மையில் பிடிப்பது 36 ஜிபி மட்டுமே. டேட்டாவைப் பாதியாகச் சுருக்கினால் 72 ஜிபி பிடிக்கும் என்ற கணக்கில் வைத்த பெயர் அது. போட்டோ, பாட்டு, வீடியோ பைல்கள் ஏற்கெனவே சுருக்கப்பட்டவை, மேலும் சுருங்காது. எனவே டேப் பெட்டியில் இரண்டு எண்கள் இருந்தால் சிறிய எண்ணையே நம்பவும்.

அடுத்தது வகைகள். 1989-ல் சோனியும் எச்.பி.யும், பாட்டுப் பதிவுக்கு வந்த 4 மி.மீ. டாட் டேப்பைக் கம்ப்யூட்டர் டேட்டாவுக்குக் கொண்டு வந்தன. வி.சி.ஆர். போல இதிலும் தலை சுழலும். டிஜிட்டல் எக்யூப்மென்ட் நிறுவனத்தின் டி.எல்.டி. அரை அங்குல டேப். சோனியின் ஏ.ஐ.டி. 1996-ல் வந்தது, 2010-ல் நிறுத்தப்பட்டது. எச்.பி., ஐ.பி.எம்., சீகேட் மூன்றும் சேர்ந்து 2000-ல் கொண்டு வந்த எல்.டி.ஓ. 100 ஜிபி-யில் தொடங்கியது. 2021-ல் வந்த அதன் 9-ம் தலைமுறை 18 டிபி கொள்கிறது. போட்டியில் நிலைத்தது இதுதான். ஒரே நிறுவனத்தின் கையில் சிக்காமல் பலரும் தயாரிக்க முடிந்ததே இதற்குப் பெரிய காரணம் என்பது என் கருத்து.

ஆனால் எல்.டி.ஓ.விலும் கவனம் தேவை. 7-ம் தலைமுறை வரை ஒரு டிரைவ், தனக்கு முந்தைய இரண்டு தலைமுறை டேப்புகளைப் படித்தது. 8-ம் 9-ம் ஒரு தலைமுறை மட்டுமே பின்னால் போகும். 2025-ல் வந்த 10-ம் தலைமுறை டிரைவ் முந்தைய எதையும் படிக்காது.

இதன் வலி எனக்குத் தெரியும். நான் முதலில் வேலை பார்த்த அலுவலகத்தில் பழைய கணக்குகள் ஐந்து டாட் டேப்புகளில் இருந்தன. ஆடிட்டர் கேட்டபோது டிரைவ் வேலை செய்யவில்லை. பழைய டிரைவ், அதற்கான ஸ்கசி கார்டு, அந்தக் கார்டு பொருந்தும் பழைய கம்ப்யூட்டர் எல்லாம் தேடிச் சேர்க்க நான்கு நாட்கள் ஆயின. நான்கு டேப்புகள் படித்தன. ஐந்தாவதில் எதுவுமே பதிவாகியிருக்கவில்லை! அத்தனை வருடங்களில் ஒருவர்கூட அதைத் திருப்பி எடுத்துப் பார்க்கவில்லை.

அப்படியானால் டேப் வீணா? இல்லை. 2011 பிப்ரவரியில் ஒரு சாஃப்ட்வேர் பிழையால் ஜிமெயிலில் ஒரு சிறு பகுதியினரின் மெயில்கள் காணாமல் போயின. பல இடங்களில் இருந்த நகல்களையும் அந்தப் பிழை பாதித்தது. கூகுள் அவற்றை டேப்பிலிருந்துதான் மீட்டது. கழற்றித் தனியே வைத்த டேப்பைப் பிழையும் தொடாது, வைரஸும் தொடாது.

வீட்டுக்குத் தேவை டேப் அல்ல, இந்தப் பாடம்தான். புதிய எல்.டி.ஓ. டிரைவின் விலை லட்சங்களில் இருக்கிறது. அதை இணைக்கும் போர்ட்டும் வீட்டுக் கம்ப்யூட்டரில் இருக்காது. விண்டோஸ் எக்ஸ்பி-யுடன் வந்த பேக்கப் புரோகிராம் டேப்பில் எழுதியது. விஸ்டாவிலேயே அந்த வசதி போய்விட்டது.

எனவே இரண்டு யு.எஸ்.பி. ஹார்ட் டிஸ்க் வாங்கவும். மாற்றி மாற்றி பேக்கப் எடுக்கவும். எடுத்து முடித்ததும் கழற்றிவிடவும். ஒன்றை வேறு வீட்டில் வைக்கவும். சில வருடங்களுக்கு ஒரு முறை புதிய டிஸ்க்குக்கு மாற்றவும். மிக முக்கியமாக, மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஏதாவது ஒரு போட்டோவை பேக்கப்பிலிருந்து எடுத்துத் திறந்து பார்க்கவும். திறந்து பார்க்காத பேக்கப், பேக்கப் அல்ல.

மாமா டேப் டிரைவை விட்டுவிட்டார். அவருடைய இரண்டு டிஸ்க்குகளில் ஒன்று இப்போது எங்கள் வீட்டு பீரோவில் இருக்கிறது. உங்களுடையது எங்கே இருக்கிறது?